டெக் அமுங்குகிறதென்றால் புட்டியை இப்போதே எடுக்காதீர்கள்

வணக்கம். உங்கள் 1970களின் சி அண்ட் சி 27 பாய்மரப் படகில், கைப்பிடிக் கம்பிகளின் அடியில் மிதித்தால் டெக் (மேல்தளம்) அமுங்குகிறது, மேலே புட்டி பூசித் தேய்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த டெக்கில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் இருக்கிறது. போல்ட் துளை வழியே இறங்கிய தண்ணீர் அதை அழுக வைத்திருக்கும்.

பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்றால் நல்ல இடம். ‘தொப்’ என்றால் உள்ளே மரம் அழுகிவிட்டது. காய்ந்த, வெளிர்நிற மரம் தெரியும்வரை மேல்தோலை வெட்டி எடுங்கள். அழுகிய மரத்தை அகற்றி, புது பால்சாவை எபாக்ஸியில் (இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் பிசின்) பதித்து, தோலின் ஓரத்தை அதன் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி போடுங்கள்.

ஃபேரிங், அதாவது மேற்பரப்பைச் சமன் செய்வது, அதற்குப் பிறகுதான். எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு போலப் பிசுக்கு படியலாம். தண்ணீர் விட்டு நாரால் தேய்த்துக் கழுவாவிட்டால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது. பிறகு மைக்ரோபலூன் (உள்ளே வெற்றான நுண்மணித் தூள்) கலந்த எபாக்ஸியைப் பூசி, நீளப் பலகையில் 80 நம்பர் தாள் ஒட்டிக் குறுக்கும் நெடுக்கும் சாய்வாகத் தேயுங்கள். கையால் அழுத்தித் தேய்த்தால் மேடு பள்ளம்தான் மிஞ்சும். முகமூடி கட்டாயம்.

கம்பிகளின் அடியில் மட்டும் மைக்ரோபலூன் வேண்டவே வேண்டாம், நசுங்கிவிடும். அங்கே துளையைப் பெரிதாக்கி, சிலிக்கா தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவே போல்ட் துளை போடுங்கள்.