கடையில் கறுப்பினத்தவரை மட்டும் சந்தேகப்பட்டால், பக்கத்தில் நிற்கும் நாம் என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். போன வாரம் ஒரு கடையில் செக்யூரிட்டி, ஒரு கறுப்பின இளைஞரை மட்டும் விடாமல் பின்தொடர்ந்து, கடைசியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார். மனசு கேட்கவில்லை, ஆனால் விசாவை நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: செக்யூரிட்டியை விடுங்கள், நேராக அந்த இளைஞரிடம் போங்கள். அநியாயத்தைப் பார்த்தால் செய்கிறவரிடம்தான் மல்லுக்கு நிற்கத் தோன்றும், ஆனால் அங்கே சத்தம் கூடினால் மாட்டிக்கொள்வது நீங்கள் இல்லை, அவர். கையில் ஒரு சார்ஜரை எடுத்துக்கொண்டு, 'இது எந்த போனுக்குச் சேரும், தெரியுமா?' என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்து அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். அவர் தனியாக இல்லை என்று தெரிந்தாலே பல செக்யூரிட்டிகள் ஒதுங்கிவிடுவார்கள். அப்படியும் பையைத் திறக்கச் சொன்னால், மேனேஜரை வரச்சொல்லி நிதானமாகக் கேளுங்கள்.

அந்த இளைஞரைக் கேட்காமல் போலீஸ் அவசர எண்ணான 911-ஐ மட்டும் கூப்பிடவே கூடாது. 2018-இல் ஃபிலடெல்ஃபியா ஸ்டார்பக்ஸில், ஒரு சந்திப்புக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பினத்தவரைப் போலீஸ் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனதே மேனேஜர் செய்த ஒரு போன் காலால்தான். அங்கிருந்த வாடிக்கையாளர்கள் 'இவர்கள் ஒன்றும் செய்யவில்லையே' என்று கேட்டதும், எடுத்த வீடியோவும்தான் விஷயத்தை ஊரறியச் செய்தது.

போலீஸ் வந்துவிட்டால் கொஞ்சம் தள்ளி நின்று, குறுக்கே போகாமல், போனில் பதிவு செய்யுங்கள். பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் படமெடுக்க உரிமை உண்டு என்று நியூ ஜெர்சிக்கும் பொருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது. கடை தனியார் இடம், வெளியே போகச் சொன்னால் போய், வாசலில் நில்லுங்கள். இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால், போலீஸ் பிடியில் உயிரிழந்த கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டை நினையுங்கள்: 2020 மே மாதம் மினியாபொலிஸ் போலீஸ் முதலில் விட்ட அறிக்கையில் 'மருத்துவப் பிரச்சினைக்குப் பிறகு இறந்தார்' என்றுதான் இருந்தது, கழுத்தில் முழங்கால் வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டார்னெல்லா ஃப்ரேஸியர் என்ற 17 வயதுப் பெண் நடுக்கத்தோடு எடுத்த வீடியோ மட்டும் இல்லையென்றால் அந்தப் பொய்யே நிலைத்திருக்கும்.

எடுத்த வீடியோவை நீங்களாக இணையத்தில் போடாதீர்கள். அதில் இருப்பது அந்த இளைஞருடைய அவமானம், முடிவும் அவருடையது. எல்லாம் முடிந்தபின் 'நான் பார்த்தேன், நடந்தது தப்பு, வீடியோ வேண்டுமா?' என்று கேட்டு, உங்கள் நம்பரைக் கொடுங்கள். மாநில சிவில் உரிமைப் பிரிவில் அவர் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், சாட்சி இருந்தால் அதற்கு வலு கூடும்.

போன வாரம் நடந்ததற்கும் வழி இருக்கிறது. தேதி, நேரம், கேட்ட வார்த்தைகளை எழுதி அந்தக் கடையின் தலைமை அலுவலகத்துக்கு இன்றைக்கே அனுப்புங்கள், கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் கேளுங்கள்.