குளிர்ந்தால்தான் நட்சத்திரம்

கேள்வி: வாயு என்றாலே பரவத்தானே செய்யும்? விண்வெளியில் இருக்கும் வாயு மட்டும் எப்படி ஒன்றுகூடி நட்சத்திரமாகிறது? தூசுக்கு அதில் என்ன வேலை?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த வாயுவும் பரவத்தான் பார்க்கும். வெப்பம் வெளியே தள்ள, ஈர்ப்பு உள்ளே இழுக்கும். இழுப்பு ஜெயிக்க வேண்டுமானால், வாயுவும் தூசும் கலந்த அந்த விண்வெளி மேகத்தில் சரக்கு நிறைய இருக்க வேண்டும், நன்றாகக் குளிரவும் வேண்டும். எவ்வளவு வெப்பநிலைக்கு எவ்வளவு நிறை தேவை என்ற கணக்கை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-லேயே போட்டுவிட்டார்.

மேகத்தின் நிறையில் தூசு நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் எனக்கு அதன் மேல்தான் பிரியம் அதிகம். வெளியிலிருந்து வரும் நட்சத்திர ஒளியைத் தடுத்து, மேகத்தின் உட்புறத்தைச் சூடேறாமல் காப்பது அதுதான். ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து மூலக்கூறாவதும் தூசுத் துகள்களின் மேல்தான். மிச்சமிருக்கும் வெப்பத்தைக் கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகள் ரேடியோ அலைகளாக வெளியேற்றிவிடும்.

பர்னார்ட் 68 என்ற மேகத்தின் படம் கிடைத்தால் அவசியம் பாருங்கள். சாதாரண ஒளியில் எடுத்த படத்தில், நெருக்கமான நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டு. அதற்குள் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. அகச்சிவப்பில் எடுத்தால் பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் அப்படியே தெரிகின்றன. உள்ளே வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதன் மையத்தில்கூட நாம் சுவாசிக்கும் காற்றைவிட வாயு கோடி கோடி மடங்கு மெலிது!

இப்படிப்பட்ட மேகம் சுருங்கத் தொடங்கினால், முதலில் வெப்பம் தப்பித்துப் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் மையம் அடர்ந்து, வெப்பம் உள்ளேயே சிக்கிச் சூடேறும். சுழற்சியும் வேகம் பிடிப்பதால் சுற்றிலும் ஒரு வட்டு உருவாகும். எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரத்தின் வட்டை 2014-ல் சிலி நாட்டிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி வளையம் வளையமாகப் படம் பிடித்தது. மைய வெப்பம் சுமார் 1 கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும். சூரியன் போன்ற ஒன்று அந்த நிலைக்கு வந்து நிலைபெறச் சில கோடி ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: மேகம் முழுவதும் நட்சத்திரமாகிவிடுமா?

பதில்: ஆகாது. பெரும்பாலும் சில சதவீதம்தான் ஆகும். அங்கே பிறக்கும் பெரிய நட்சத்திரங்களே புற ஊதாக் கதிர்களால் மீதி வாயுவைக் கலைத்துவிடுகின்றன. சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா என்ற மேகத்தில் இப்போது நடப்பது அதுதான். இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். சிறிய தொலைநோக்கி இருந்தால், நடுவிலுள்ள நான்கு நட்சத்திரங்களையும் தனித்தனியாகப் பார்க்கலாம். வாயுவைக் கலைப்பதில் பெரும்பங்கு அந்த நான்கில் மிகப் பிரகாசமானதற்குத்தான்.