வாடகைக்கு விட வீடு வாங்கும்போது எப்படிக் கணக்குப் பார்ப்பது?
வாடகை வருமானத்துக்காக ஒரு வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டு வாடகையை விலையால் வகுத்து, 6 சதவீதம் வருகிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். விலையோடு பதிவுச் செலவையும் முதல் பழுதுபார்ப்பையும் சேருங்கள். வாடகையிலிருந்து சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பைக் கழியுங்கள். அப்புறம், வீடு காலியாகக் கிடக்கும் நாட்கள். ஒரு மாதம் ஆள் இல்லையென்றாலே ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதனால் ஒழுங்காக இருக்கும் குடித்தனக்காரருக்கு 5 சதவீதம் குறைத்துக்கொடுத்துத் தக்கவைப்பது லாபம்தான் என்பேன். மிஞ்சும் நிகர வருமானம் கடன் வட்டியைவிடக் குறைவா? சரி, அப்படியானால் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறீர்கள். வாங்குமுன் மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒழுகலும் சுவர் ஈரமும் அன்றுதான் தெரியும். கசிவைத் தள்ளிப்போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டே பெயரும்.