சாப்பாட்டு மேசைக்குத் தேக்குதான் வேண்டுமா?

பாளையங்கோட்டையில் புதுவீட்டுக்கு ஆறு பேர் உட்காரும் மேசை செய்ய எந்த மரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் இடம் கொடுத்தால் தேக்கு, அதுவும் வைரம் பாய்ந்த பகுதி மட்டும். ஓரத்து வெள்ளைப் பகுதியைச் சாயம் பூசி மறைத்து விற்பார்கள். மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சி முதலில் விழுவது அதில்தான். பெயருக்காக அதை வாங்குவதைவிட நன்றாகக் காய்ந்த வேம்பு மேல். என் ஓட்டு பலாவுக்கு. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகப் பழுப்பேறி அழகாகிவிடும். வேங்கை உறுதியானது, ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். மெருகு தேய்ந்த இடத்தில் ஈர டம்ளரை வைத்தால் விரிப்பில் கறை.

எந்த மரம் என்பதைவிட முக்கியம் அது நன்றாகக் காய்ந்திருப்பது. சித்திரை வெயிலில் பலகை சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். நீளவாட்டில் அசைவு தெரியாது, அகலவாட்டில்தான் எல்லாம். எங்கள் வீட்டு ஆசாரி மேற்பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் திருகிவிட்டார். முதல் கோடையிலேயே நடுவில் வெடிப்பு. இன்றும் சொதி சிந்தினால் பாதி கீழே இருக்கும் பூனைக்கு. திருகாணித் துளையை அகலவாட்டில் சற்று நீட்டிப் போடச் சொல்லுங்கள், பலகை நகர இடம் இருக்கும்.

செங்கோட்டை மர அறுவை மில்லுக்குப் போகும்முன், பழைய வீடு இடித்த உத்தரம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் அது. உள்ளே பழைய ஆணி இருக்கும், அறுக்கும்முன் பிடுங்கிவிட வேண்டும்.