டேங்குக்கு சுண்ணாம்பு கேட்ட தம்பிக்கு

அக்கா வணக்கம். ராம்நாட்ல வீட்டுல நாலடி மெரைன் டேங்க் வெச்சு எட்டு மாசம் ஆகுது. ரெண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் ஸோவாந்தஸ், மஷ்ரூம்னு பவளத்துக்குச் சொந்தக்கார மெத்து உசுருங்க இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு. அல்கலினிட்டி, அதான் தண்ணியில அமிலம் ஏறாம தாங்குற சக்தி, இறங்காம இருக்க கால்க்வாசர் ஊத்தச் சொல்றாங்க. அது வெறும் சுண்ணாம்புத் தண்ணிதானாமே, வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பையே கரைச்சு ஊத்தலாமா? மண்டபம் கடல் தண்ணியை அப்படியே யூஸ் பண்ணலாமா? கரண்ட் போனா என்ன பண்றது? அப்புறம் தெரிஞ்ச ஒருத்தர் குருசடைத் தீவு பக்கமிருந்து உசுரோட ரெண்டு பவளம் எடுத்துத் தர்றேங்கிறார், சின்னத் துண்டுதான். அதுக்கு டேங்க் ரெடியான்னு எப்படிப் பாக்குறது?

பேர் வேண்டாம், ராமநாதபுரம்

தம்பி,

உன் லெட்டர் வந்தப்ப நான் பாம்பன்ல எங்க பழைய வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். வீட்டை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பூச்சு உரிஞ்சு விழுந்ததும் சுவத்துக்குள்ள இருந்த கல்லு தெரிஞ்சது, மலைக்கல்லு இல்ல, கடலுக்குள்ள இருக்கிற பவளப்பாருல இருந்து பேத்துக் கொண்டாந்த பவளக்கல்லு. கிட்டப் போய் விரலால தூசியைத் துடைச்சுப் பாத்தேன், கல்லு முழுக்க சுண்டுவிரல் நகம் அளவுக்கு குழி குழியா இருக்கு, ஒவ்வொரு குழிக்குள்ளயும் சுத்திவர மெல்லிசா தகடு தகடா பூ மாதிரி. ஒரு குழிக்கு ஒரு உசுரு இருந்த இடம் அது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருந்த சாந்தும் அதே கல்லைச் சுட்ட சுண்ணாம்புதான். அந்த நேரம் பாத்து நீ சுண்ணாம்பு போதுமான்னு கேக்குற.

போதாது. வெத்தல சுண்ணாம்புல என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது, சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கு. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல கரையாது, தெளியவிட்டு மேல் தண்ணியை மட்டும் ராத்திரியில சொட்டு சொட்டா விடணும். அதோட காரத்தன்மையைக் காட்டுற pHங்கிற அளவு 12க்கு மேல, ஒரே மடக்கா ஊத்துனா மீனு காலி. கரண்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வை. கடல் தண்ணி எடுத்தா கரையோரமா எடுக்காத, மழை பெஞ்ச பிறகு எடுக்கவே எடுக்காத. ஆவியாகிக் குறையுறதுக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்து, உப்பு ஆவியாகாது, உப்புத் தண்ணியே ஊத்திக்கிட்டு இருந்தா உப்பு ஏறிக்கிட்டே போகும். ஸோவாந்தஸை வெறுங்கையால நசுக்காத, சிலதுல கடுமையான விஷம் இருக்கு, வீட்டுல பிள்ளைங்க இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

இப்ப விஷயத்துக்கு வாரேன். உன்கிட்ட இருக்கிறது ஸோவாந்தஸும் மஷ்ரூமும். அதுக ரெண்டும் கல்லு கட்டாது, அதுகளுக்கு அம்புட்டு கால்சியம் தேவையே இல்ல, வாரம் பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்துனாலே போதும். அப்புறம் எதுக்கு சுண்ணாம்பு கேக்குறன்னு யோசிச்சேன், கடைசி வரியைப் படிச்சதும் புரிஞ்சு போச்சு. அந்த ஆளு கொண்டாரப் போற பவளத்துக்கு இப்பவே சோறு வடிச்சு வெக்கிற.

கோவம் வந்துருச்சு தம்பி, மறைக்கல.

கால்க்வாசர்ங்கிறது ஜெர்மன் பேச்சு, அர்த்தம் சுண்ணாம்புத் தண்ணிதான். பவளம் கடல்ல கரைஞ்சு கிடக்கிற கால்சியத்தை எடுத்து எடுத்துத் தனக்குக் கல்லு கட்டுது. அந்தக் கல்லை எங்க ஊரு ஆளுக காளவாசல்ல போட்டு எரிச்சாக, எரிச்சா கரிமிலவாயு பிரிஞ்சு போயிரும், மிஞ்சுற கட்டியில தண்ணி விட்டா சீறிக்கிட்டு கொதிச்சு மாவா உடையும், அதுதான் நீத்த சுண்ணாம்பு, நீ வாங்கப் போற பவுடரும் அதேதான். இன்னைக்கு மலைச் சுண்ணாம்புக்கல்லுல இருந்து வருது, அவ்வளவுதான் வித்தியாசம். சின்னப் பிள்ளையில அந்தக் குழிப் பக்கம் எங்கம்மா எங்களை அண்டவிட மாட்டாக, தெறிச்சா கண்ணு போயிரும்னு.

எங்கப்பா வள்ளத்துல கல்லு எடுக்கப் போன ஆளு. முங்கி, கடப்பாரையால நெம்பி, தூக்கி வள்ளத்துல போடுவாக. கரைக்கு வந்ததும் கல்லு பழுப்பும் பச்சையுமா ஈரமா மினுங்கும், தொட்டா கொழகொழன்னு ஒட்டும். கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து நண்டுக்குஞ்சு ஒவ்வொண்ணா வெளிய வரும், பருப்பு அளவுதான் இருக்கும், எங்க போறதுன்னு தெரியாம வள்ளத்து அடியில இங்கிட்டும் அங்கிட்டும் ஓடும். நானும் தங்கச்சியும் பொறுக்கி கொட்டாங்கச்சியில கடல் தண்ணி ஊத்தி விட்டு வெப்போம். காலையில பாத்தா மல்லாந்து கிடக்கும். மறுநாள் கல்லுல இருந்து நாத்தம் கிளம்பும், வெயில்ல அப்படியே வெளுத்துப் போகும். அப்பாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அஞ்சு வயித்துக்கு சோறு போட்டது அந்தக் கல்லு. ஆனா அப்பாவும் சின்னத் துண்டுதான எடுக்கிறோம், கடல் என்ன குறைஞ்சா போயிரும்னுதான் சொல்லுவாக. எல்லா வள்ளத்துலயும் அதே பேச்சு. குறைஞ்சுதான் போச்சு. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு கணக்கு, அதுல பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிருச்சு, சுத்தி இருந்த பாரை வெட்டி எடுத்ததுக்கு அதுல பெரிய பங்கு. 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சும் கல்லு எடுக்கிறது நிக்கல, 2004 சுனாமிக்கு அப்புறம்தான் நின்னுச்சு.

நீ பாக்குற சின்னத் துண்டுக்கு வயசு என்னன்னு தெரியுமா? உருண்டைக் கல்லா வளர்ற பவளம் பலதும் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். உன் கையில அடங்குற துண்டு பள்ளிக்கூடம் போற பிள்ளை வயசு. எங்க வீட்டு சுவத்துல கிடந்த ஒன்றரையடிக் கல்லு நாப்பது வருஷத்துக்கு மேல கடல்ல இருந்திருக்கும், அதை ஒரு முங்குல எடுத்தாக. அங்க இன்னைக்கு நிக்கிறதும் சும்மா நிக்கல, 1998லயும் 2010லயும் 2016லயும் கடல் சூடாகி பாரு வெளுத்துச்சு, ஏகப்பட்டது செத்துச்சு. அதுல தாக்குப்பிடிச்சு நிக்கிறதைத்தான் அந்த ஆளு வாளியில போட்டுக் கொண்டாரேங்கிறான். மூணு தடவை தப்பிச்சது உன் ஹால்ல வந்து சாகணுமா? எட்டு மாச டேங்குல அது எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கிற?

சட்டமும் சொல்லிடுறேன். 2001ல இருந்து கல் பவளம் மொத்தமும் வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். மூணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம், எடுத்தவனை மட்டும் இல்ல, வாங்குனவனையும்.

உன் மேல எனக்கு வெறுப்பு இல்ல தம்பி. எட்டு மாசமா ரெண்டு மீனை உசுரோட காப்பாத்துறது சின்ன வேலை இல்ல, பல பேரு முதல் மாசத்துலயே, புது டேங்குல சேர்ற அம்மோனியா விஷம் இறங்குற வரைக்கும் பொறுக்காம மீனை விட்டுக் கொன்னுட்டு டேங்கை மாடியில ஏத்திருவாங்க. நீ பொறுமையான பையன், லெட்டரைப் பாத்தாலே தெரியுது. மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல க்ளவுனைத் தொட்டிக்குள்ளயே குஞ்சு பொரிக்க வெச்சு வளர்த்துக் காட்டியிருக்காங்க, அடுத்த தடவை மீன் வாங்குனா அப்படி வளர்த்ததான்னு கேட்டு வாங்கு. பாரு பாக்கணும்னு ஆசையா இருந்தா கடல் தெளிவா இருக்கிற மாசத்துல வனத்துறை போட்ல போய்ப் பாரு, நானும் வாரேன்.

இடிச்ச கல்லை ரோட்டுக்குக் கொட்டலாமான்னு மேஸ்திரி கேட்டாரு. வேண்டாம்னு சொல்லி வேலியோரமா அடுக்கச் சொல்லியிருக்கேன், மழை வந்தா அந்தக் குழியில எல்லாம் தண்ணி நிக்கும். அந்த ஆளுக்கு இன்னைக்கே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிரு. சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுது.