நாலு விரல் உயரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

புதுவயலிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு இந்த வருடம் பதினெட்டு வயது ஆகிறது. 100 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டம், ஓடுகிறாள். போன வருடம் வரை மாவட்டத்தில் முதலிடம். இந்த வருடம் வயதுப் பிரிவு மாறியதிலிருந்து தடையைத் தட்டுகிறாள். இரண்டு போட்டிகளில் விழுந்தும் விட்டாள். முட்டியிலும் கணுக்காலிலும் எப்போதும் காயம். “பொம்பளைப் பிள்ளைக்குக் காலெல்லாம் தழும்பு எதுக்கு” என்கிறார் அவள் அப்பத்தா. சாதாரண 100 மீட்டருக்கு மாற்றிவிடலாம் என்கிறார் அவள் அப்பா. சின்னதில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிலைப்படிகளைத் தாண்டித் தாண்டி ஓடிய பிள்ளை, இப்போது சாப்பிடும்போதுகூடப் பேசுவதில்லை. ஹர்டில்ஸ் ஓடி என்ன ஆகப்போகிறது? எத்தனை வயது வரை ஓட முடியும்? இளமையில் நீங்களும் ஓடியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

இந்த வருடம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். அடுத்த பிரிவில் 83.8. நாலு விரலைச் சேர்த்துச் சுவரில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் தடைக்கும் தடைக்கும் நடுவே இருக்கிற 8.5 மீட்டர் மாறவில்லை. அந்த இடைவெளியை மூன்றே எட்டில் ஓடியாக வேண்டும். பழைய உயரத்தில் அவள் உடம்புக்கு அந்த மூன்று எட்டும் மனப்பாடம். இப்போது நாலு விரல் கூடியதும் பயத்தில் மேலே எழும்பிக் குதிக்கிறாள். குதித்தால் காற்றில் நேரம் போகும், இறங்கும்போது வேகம் செத்துவிடும், மூன்றாவது எட்டு எட்டாது. அடுத்த தடைக்கு ரொம்பத் தள்ளி நின்று கிளம்புவாள், பின்னால் வருகிற கால் கட்டையில் இடிக்கும். முட்டியின் உள்பக்கமும் கணுக்காலின் உள்பக்கமும்தானே காயம்? பாருங்கள், நிச்சயம் அங்கேதான் இருக்கும்.

பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள். கொஞ்ச நாளைக்குத் தடைகளை 8 மீட்டருக்கு நெருக்கி வைத்து ஓடவிடலாமே. மூன்று எட்டும் திரும்ப ஒட்டிக்கொண்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். அப்புறம் இன்னொன்று. தடையின் அடிக்கால்கள் ஓடி வருபவர் பக்கம் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் இடித்தால் முன்பக்கம் சாயும். மேல்கட்டையில் 3.6 கிலோவிலிருந்து 4 கிலோ வரை விசை பட்டால் சாய்கிற மாதிரி கீழே எடைக்கட்டி இருக்கும். உயரத்தை மாற்றும்போது அதையும் நகர்த்த வேண்டும். பல மைதானங்களில் யாரும் நகர்த்துவதில்லை. பின்னால் வருகிற கால் பட்டுச் சாய்ந்தால் பாதகமில்லை, விதிப்படி குற்றமும் இல்லை. சாயாத தடைதான் ஆளை விழவைக்கும்.

இதை நான் என் முட்டியால் தெரிந்துகொண்டேன். செம்மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு, கனமான தடைகள். ஒரு போட்டியில் நான்காவது தடையை யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள். ஓடுகிற வேகத்தில் எனக்கும் தெரியவில்லை. இடித்தேன், அது அசையவில்லை. ஆறு தையல். ஆண்கள் பிரிவில் உயரம் 91.4, 99.1, 106.7 என்று இரண்டு தடவை ஏறும். நான் அந்த முதல் ஏற்றத்தில் திணறிக்கொண்டிருந்த வருடம் அது. வீட்டில் போதும் என்றார்கள், நானும் சரி என்றேன். காயம் இருபது நாளில் ஆறிவிட்டது. அந்தச் ‘சரி’யைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எத்தனை வயது வரை என்று கேட்டீர்கள். உங்கள் மகள் ஓடுகிற அதே 100 மீட்டர் ஹர்டில்ஸில் ஓடுகிற விசாகப்பட்டினத்து ஜோதி யாராஜியைப் பாருங்கள். அப்பா காவலாளி. 2020 ஜனவரியில் கர்நாடகத்து மூடுபித்ரியில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் 13.03 விநாடி ஓடினார். அன்றைய தேசிய சாதனையைவிட வேகம். ஆனால் ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்கவில்லை என்று கணக்கில் எடுக்கவில்லை. 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் 13.09. பின்காற்று விநாடிக்கு 2 மீட்டர் வரைதான் அனுமதி, அன்று வீசியது 2.1. அதுவும் போச்சு. அடுத்த மாதமே சைப்ரஸில் 13.23 ஓடி, 2002 முதல் நின்ற அனுராதா பிஸ்வாலின் 13.38ஐ முறியடித்தார். 2023இல் 12.78. அப்போது அவருக்கு 24 நிறையவில்லை. நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவின் 55.42ஐத் தொட்டது 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 25 வயதில். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா அதே 55.42இல் ஓடித்தான் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை விட்டார். 39 வருடம் நின்ற நேரம் அது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இன்னும் காலையே விடியவில்லை.

பிழைப்பு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறது, ஆனால் ஓடுகிற எல்லோருக்கும் கிடைப்பதில்லை. படிப்பை விடக் கூடாது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். அதை அவளிடம் பேசுங்கள்.

100 மீட்டருக்கு மாற்றுவது பற்றி அவள் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: வேகமாக ஓடுகிற பிள்ளைகள் நிறைய உண்டு, பத்துத் தடையை மூன்று மூன்று எட்டாகக் கடக்கிற பிள்ளைகள் நம் பக்கம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஆறேழு வருடம் கால் பழகிய தாளம் அது. மாற்றத்தான் வேண்டும் என்றால் அடுத்த வருடம் அவளே சொல்லட்டும்.

அப்பத்தாவிடம் சண்டை வேண்டாம். ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தடைக்குப் பக்கவாட்டில், இருபதடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேத்தி கட்டைக்கு மேலே போகும்போது தலை எழும்பாமல் ஒரே கோட்டில் போவதையும், இறங்குகிற கால் மண்ணில் ‘டப்’பென்று பட்டு மூன்று சத்தம் கேட்பதையும் அவர் பார்க்கட்டும். தன் வீட்டு நிலைப்படியில் ஓடிய அதே பிள்ளை என்று அவருக்குத் தெரியும்.

தையில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வருகிறேன். மறுநாள் காலை காரைக்குடியில் இருப்பேன். அவளை ஸ்பைக்ஸோடு, அந்த ஆணி வைத்த ஷூவோடு, வரச் சொல்லுங்கள். அளக்கிற டேப் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்