ஆய்வேட்டில் 34% ஒப்புமை என்று அறிக்கை வந்ததற்குப் பதில்

வணக்கம். உங்கள் ஆய்வேட்டில் 34% பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளின் அறிக்கை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். முதலில் நூலகத்தில் சொல்லி, சான்று காட்டிய மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கி மறுபடி அறிக்கை எடுங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி அவை கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் 10%க்கு மேல், 40%க்குள் இருந்தால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள்.

சிக்கலின் வேர் உங்கள் குறிப்புக் கோப்பு. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய வரியும் சொந்த வரியும் அதில் கலந்து கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத உட்காரும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? இனி ஒட்டும்போதே மேற்கோள் குறி, ஆசிரியர், பக்க எண் மூன்றும் போட்டுவிடுங்கள். சொந்த நடையில் எழுதும்போது மூலத்தை மூடிவைத்து எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். வாக்கிய அமைப்பு அப்படியே இருந்து சொற்கள் மட்டும் மாறியிருந்தால் அதுவும் திருட்டுதான். மாற்றுச்சொல் போடும் மென்பொருள் வேண்டவே வேண்டாம். கலைச்சொற்களைக் கெடுத்துவிடும், நெறியாளர் ஒரே பத்தியில் பிடித்துவிடுவார். நடை உங்களுடையதானாலும் கருத்து மூல ஆசிரியருடையது என்றால் அங்கேயும் சான்று வேண்டும்.